மாடு நொண்டுறதை கேமரா கண்டுபிடிக்குமா?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை. நான் மட்டும்தான். மூணு நாலு மாசமா இந்த எபிசோடைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். காரணம் சிம்பிள். இதுல வர்ற தப்பு என்னோடது.

விஷயம் கம்ப்யூட்டர் விஷன். கேமரா வழியா விலங்குகளோட நடத்தையைப் பார்த்து, அது நல்லா இருக்கா, வலியில இருக்கான்னு கண்டுபிடிக்கிறது. "மாட்டுக்கு ஏஐ"-ன்னு தலைப்புப் போட்டு நிறைய வீடியோ பார்த்திருப்பீங்க. நானும் பார்த்தேன். பார்த்ததோட நிறுத்தாம எங்க அத்தை வீட்டு மாட்டுக்கு ஒண்ணு செஞ்சும் பார்த்தேன். அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல, இதுக்கு கேமரா எதுக்குன்னு கேக்கலாம். மாட்டைப் பார்த்தா தெரியாதா?

தெரியாது. அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. குதிரை வேகமா ஓடும்போது நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு மேல எழும்புதா இல்லையா? பத்தொன்பதாம் நூற்றாண்டுல இது பெரிய விவாதம். மனுஷன் ஆயிரக்கணக்கான வருஷமா குதிரையோட வாழ்றான், ஏறிச் சவாரி பண்றான், படமா வரையுறான். ஆனா இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியலை. 1878-ல் அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல, எட்வர்ட் மைப்ரிட்ஜ்னு ஒரு போட்டோகிராஃபர் பாதை ஓரமா வரிசையா 12 கேமராவை வச்சு, குதிரை ஓடும்போது ஒவ்வொண்ணும் தானா க்ளிக் ஆகுற மாதிரி செட் பண்ணினார். படங்கள் வந்துச்சு. நாலு காலும் மேலதான் இருந்துச்சு. ஆனா ஓவியர்கள் அதுவரைக்கும் வரைஞ்ச மாதிரி, முன்னங்கால் முன்னாடியும் பின்னங்கால் பின்னாடியும் நீட்டின நிலையில இல்லை. கால்கள் வயித்துக்கு அடியில மடங்கி வர்ற நொடியில.

கண்ணு நல்ல கருவிதான். ஆனா வேகமா நடக்கறதும் அதுக்குத் தெரியாது, ரொம்ப மெதுவா நடக்கறதும் தெரியாது. மாடு நொண்டுறது ரெண்டாவது வகை. ஒரே நாள்ல வராது. கொஞ்சம் கொஞ்சமா வரும். தினமும் பார்க்கறவங்களுக்கு நேத்துக்கும் இன்னைக்கும் வித்தியாசம் தெரியாது. நம்ம வீட்டுக் குழந்தை வளர்றது நமக்குத் தெரியாம, ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற சொந்தக்காரங்களுக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

இன்னொண்ணும் இருக்கு. மாடு வேட்டையாடப்படுற விலங்கோட வம்சம். கூட்டத்துல எது பலவீனமா தெரியுதோ அதைத்தான் புலி பிடிக்கும். அதனால வலியை வெளிய காட்டாம இருக்கறது அதோட உடம்புலயே ஊறின பழக்கம். கட்டுத்தரையில புலி வராதுன்னு அதுக்கு யாரு சொல்றது?

ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்

பால் மாடுகள் நொண்டுறதை அளக்க ஒரு ஸ்கோர் இருக்கு. 1997-லேர்ந்து பரவலா பயன்படுத்துறாங்க. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும். இதுல முதல்ல பார்க்கறது காலை இல்லை, முதுகை.

ஒண்ணுன்னா நிக்கும்போதும் நடக்கும்போதும் முதுகு நேரா இருக்கு. ரெண்டுன்னா நிக்கும்போது நேரா இருக்கு, நடக்கும்போது மட்டும் லேசா வளையுது. மூணுன்னா ரெண்டு நேரமும் வளைவு, அடியும் சின்னதாகுது. நாலுல ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கும். அஞ்சுல அந்தக் காலைத் தரையில ஊன்றவே ஊன்றாது, நகரவே யோசிக்கும்.

நாம "மாடு நொண்டுது"ன்னு சொல்றது பெரும்பாலும் நாலுலதான். ஆனா வைத்தியம் சுலபமா முடியுறது ரெண்டுலயும் மூணுலயும். குளம்பைச் செதுக்கி விட்டு, மண் தரையில விட்டா பல தடவை சரியாயிடும். நாலு, அஞ்சுக்குப் போனா புண்ணு, சீழ், பால் குறையுறது, சில வீட்டுல மாடு சந்தைக்குப் போறது.

இந்த இடைவெளி எவ்வளவு பெருசுன்னு ஒரு ஆய்வு சொல்லுது. 2006-ல் வெளிவந்தது, அமெரிக்காவோட மினசோட்டா மாநிலப் பண்ணைகள்ல பண்ணினது. ஆராய்ச்சியாளர்கள் போய் ஸ்கோர் பண்ணினப்போ சராசரியா 24.6 சதவீத மாடுகள் நொண்டிக்கிட்டு இருந்துச்சு. அதே பண்ணை மேனேஜர்கள் சொன்ன கணக்கைவிட இது ஏறக்குறைய மூணு மடங்கு. அவங்க பொய் சொல்லலை. அவங்க கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிஞ்சுது.

ஒரு எஞ்சினியர் இதைப் படிச்சா என்ன தோணும்? "ஆஹா, கேமராவுக்கு ஏத்த ப்ராப்ளம்!" எனக்கும் அதேதான் தோணுச்சு.

கேமரா என்ன பண்ணுது?

டெக்னிக்கலா இது நாலு படி. ஒண்ணு, படத்துல மாடு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும். ரெண்டு, எது எந்த மாடுன்னு தெரியணும். ஹெச்எஃப் கலப்பு மாடுன்னா கறுப்பு வெள்ளைத் திட்டு கைரேகை மாதிரி, ஈஸி. ஒரே நிறத்துல நாலு ஜெர்சி நின்னா கஷ்டம். மூணு, உடம்போட புள்ளிகளைப் புடிக்கணும். தலை, திமில் வர்ற இடம், முதுகு, இடுப்பு, ஒவ்வொரு குளம்பு. நாலு, அந்தப் புள்ளிகள் நேரம் போகப் போக எப்படி நகருதுன்னு பார்த்து, "படுத்திருக்கு, நிக்குது, நடக்குது, நொண்டுது"ன்னு சொல்லணும்.

இதுல மூணாவது படிதான் ரொம்ப நாள் தலைவலி. முன்னாடி எல்லாம் விலங்கு உடம்புல ஸ்டிக்கரோ பெயிண்ட்டோ வச்சு அளப்பாங்க. 2018-ல் டீப்லேப்கட்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல் வந்துச்சு. மெக்கென்ஸி மேத்திஸ், அலெக்ஸாண்டர் மேத்திஸ் குழு உருவாக்கினது. ஏற்கனவே லட்சக்கணக்கான படங்கள்ல பயிற்சி எடுத்த நெட்வொர்க்கை எடுத்து, அதுக்கு மேல நம்ம விலங்கோட படங்களைக் கொஞ்சம் காட்டினா போதும். ஆரம்பத்துல அவங்க காட்டின சோதனைகள்ல, சுமார் 200 ஃப்ரேம்ல கையால புள்ளி வச்சாலே நல்லா வேலை செஞ்சுது. எலிக்கும் ஈக்கும் ஆரம்பிச்சது, இப்போ குதிரை, மீன், குரங்குன்னு எல்லாத்துக்கும் போயிருக்கு.

200 ஃப்ரேம்! ஒரு சனி ஞாயிறு வேலை. என்னை மாதிரி ஆளுக்கு இதைவிட ஆசை காட்ட முடியாது.

முதல் வெர்ஷன் கத்துக்கிட்டது

நான் புள்ளி கிள்ளி எல்லாம் வைக்காம, ஷார்ட்கட்டுல ஆரம்பிச்சேன். நொண்டுற மாட்டு வீடியோ கொஞ்சம், நல்லா நடக்கிற மாட்டு வீடியோ கொஞ்சம். ரெண்டையும் மாடலுக்குக் கொடுத்து "வித்தியாசத்தை நீயே கத்துக்கோ"ன்னு விட்டேன். ரிசல்ட் பிரமாதம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்புல போட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சுச் சந்தேகம் வந்து, மாடல் படத்துல எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்குதுன்னு கலர் போட்டுப் பார்த்தேன். அது மாட்டையே பார்க்கலை. தரையைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நொண்டுற மாட்டு வீடியோ முக்கால்வாசி ஆஸ்பத்திரி வாசல்ல எடுத்தது, சிமெண்ட் தரை. நல்ல மாட்டு வீடியோ முக்கால்வாசி காட்டுல எடுத்தது, மண். சிமெண்ட்னா நோய், மண்ணுன்னா நலம். அவ்வளவுதான் அது கத்துக்கிட்ட கால்நடை மருத்துவம்.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை. 2019-ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் ஒரு பேப்பர் எழுதினாங்க. குதிரைப் படத்தைச் சரியா கண்டுபிடிக்கிற ஒரு மாடல். அது எதைப் பார்த்துக் கண்டுபிடிக்குதுன்னு நோண்டினா, பல குதிரைப் படங்களோட கீழ் மூலையில ஒரு போட்டோ வெப்சைட்டோட பேரு சின்னதா அச்சாகியிருக்கு. மாடல் அந்த எழுத்தைத்தான் பார்த்திருக்கு. அதே எழுத்தை ஒரு கார் படத்துல ஒட்டினா, காரையும் குதிரைன்னு சொல்லுது!

இந்த மாதிரி மாடலுக்கு அவங்க வச்ச பேரு க்ளெவர் ஹான்ஸ். அதுவும் ஒரு குதிரைதான். நூறு வருஷத்துக்கு முன்னாடி பெர்லின்ல கூட்டல் கழித்தல் போடும்னு ஊரே வியந்த குதிரை. கேள்வி கேட்டா குளம்பால தட்டித் தட்டிப் பதில் சொல்லும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்னு ஒரு உளவியலாளர் சோதிச்சுப் பார்த்தார். கேள்வி கேட்கிறவருக்கே விடை தெரியலைன்னா ஹான்ஸுக்கும் தெரியலை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்கிறவரோட தலையும் உடம்பும் தன்னையறியாம லேசா அசையுது. குதிரை அதைப் பார்த்து நிறுத்துது. ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது, மனுஷனைத் தெரியும்.

என் மாடலுக்கு மாட்டைத் தெரியாது, தரையைத் தெரியும். இந்தத் தரையை ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வரும்.

செவலி

எங்க அத்தை வீடு கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். அத்தைகிட்ட மூணு மாடு. அதுல செவலி ஜெர்சி கலப்பு. செவலை நிறம், அதனால அந்தப் பேரு. காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊத்துறாங்க. மாமா போனதுக்கு அப்புறம் வீட்டுச் செலவுல பாதிக்கு மேல அந்தப் பால்காசுதான்.

ரெண்டாவது வெர்ஷனை ஒழுங்கா பண்ணினேன். ஃப்ரேம் ஃப்ரேமா புள்ளி வச்சேன். முதுகோட வளைவு, அடியோட நீளம், நடக்கும்போது தலை எவ்வளவு ஆடுது, இது மூணும். கூடவே ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படுக்குதுன்னு ஒரு கணக்கு. நல்லா இருக்கிற பால் மாடு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுக்கும். அது கொஞ்ச நேரம் இல்லை. பெரும்பாலும் படுத்துக்கிட்டுத்தான் அசை போடும், காலுக்கு ஓய்வு குடுக்கும்.

பழைய போன் ஒண்ணைக் கட்டுத்தரைத் தூணுல கட்டினேன். கட்டுத்தரையிலேர்ந்து தண்ணித் தொட்டிக்குப் போற வழி சைடுல தெளிவா தெரியும். மாடு தண்ணிக்கு நடக்கிறப்போ எல்லாம் எனக்கு டேட்டா.

ஒரு பிரச்சினை. பகல்ல அத்தை செவலியை வேப்ப மரத்தடியில கட்டுவாங்க. மண்ணு, நிழல், காத்து. ஆனா அங்க கரண்ட் இல்லை, வைஃபை எட்டாது, வெயில்ல போன் சூடாகி ஆஃப் ஆயிடுது. நான் கேட்டேன்:

"அத்தை, ஒரு மாசத்துக்கு மட்டும் செவலியைப் பகல்லயும் கட்டுத்தரையிலயே கட்ட முடியுங்களா?"

"சிமெண்டுத் தரையாச்சே கண்ணு."

"ஒரு மாசந்தானுங்க அத்தை."

"சரி. உன்ற படிப்புக்கு ஆகுதுன்னா கட்டறேன்."

படிப்பை முடிச்சு ஏழு வருஷம் ஆச்சு. அத்தைக்கு நான் லேப்டாப்ல என்ன பண்ணினாலும் அது படிப்புதான்.

ஒரு மாசம்னு சொன்னது ரெண்டு மாசம் தாண்டிப் போச்சு. நடுவுல ஆபீஸ்ல ரிலீஸ், நான் ஊருக்கே போகலை. பெங்களூருலேர்ந்து டேஷ்போர்டை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அந்த டேஷ்போர்டுல என்ன தெரிஞ்சுதுன்னு இப்போ சொல்றேன். இதுதான் எனக்குச் சொல்லவே கஷ்டமான பகுதி.

முதல் மூணு வாரத்துக்கு அப்புறம் படுக்கிற நேரம் குறைய ஆரம்பிச்சுது. பத்து மணி நேரம் பக்கம் இருந்தது ஒன்பது, எட்டரை, எட்டுன்னு இறங்குச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? மாடல் தப்பு பண்ணுதுன்னு. படுத்திருக்கிற மாட்டை, கேமரா ஆங்கிள் சரியில்லாததால, நிக்குதுன்னு எண்ணுதுன்னு முடிவு பண்ணினேன். ஒரு நாள் வீடியோவையாவது முழுசா போட்டுப் பார்த்தேனா? இல்லை. அந்தக் காலத்தையே கிராஃப்லேர்ந்து எடுத்துட்டேன். கோட்ல ஒரு கமெண்ட் எழுதினேன்: "நம்பகமான அளவு இல்லை, பிறகு பார்க்கவும்."

ஏழாவது வாரம் முதுகு வளைவு அலெர்ட் வந்துச்சு. ஒரு தடவை இல்லை, வரிசையா மூணு நாள். அதுக்கு முன்னாடி நிறையப் பொய் அலெர்ட் வந்திருந்துச்சு. ஒரு தடவை சாணி போட முதுகை வளைச்சதுக்கெல்லாம் வந்துச்சு. அதனால இதையும் அந்தக் கணக்குல சேர்த்து, அலெர்ட் வர்ற அளவைக் கொஞ்சம் உயர்த்தி வச்சேன். அலெர்ட் நின்னுச்சு. நிம்மதியா இருந்துச்சு.

பத்து நாள் கழிச்சு விடிகாலையில அத்தை கூப்பிட்டாங்க.

"செவலி எந்திரிக்க மாட்டீங்குது கண்ணு. வலது பின்னங்காலைக் கீழ ஊனவே இல்ல. உன்ற போனு ஒண்ணுஞ் சொல்லலையா?"

சொல்லுச்சு. மூணு நாள் சொல்லுச்சு. நான் அதோட வாயை அடைச்சுட்டேன். இதை அத்தைகிட்ட அந்த நிமிஷம் சொல்லலை. "இப்பவே கிளம்பறேனுங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

டாக்டர் வந்து காலைத் தூக்கிக் கட்டி, குளம்பைச் செதுக்கிப் பார்த்தார். வெளிப்பக்கக் குளம்போட அடியில புண்ணு, உள்ள வரைக்கும் போயிருந்துச்சு. குளம்பு ஏற்கனவே வளந்து போயிருந்தது ஒரு காரணம், சிமெண்டுல நாள் முழுக்க நின்னது இன்னொரு காரணம்னார். "இதை எதுக்குங்க பகல்லயும் உள்ள கட்டறீங்க?"ன்னு அத்தையைக் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. நான்தான் சொன்னேன்.

மாடு நல்லா இருக்கான்னு பார்க்க வச்ச கேமராவுக்காக மாட்டை மண்ணுலேர்ந்து சிமெண்டுக்கு மாத்தினேன். என் சிஸ்டம் கண்டுபிடிச்ச முதல் உண்மையான நொண்டி, நான் உண்டாக்கினது. முதல் வெர்ஷன்ல மாடல் தரையை மட்டும் பார்த்துச்சுன்னு சிரிச்சேனே, ரெண்டாவது வெர்ஷன்ல தரையைப் பார்க்காம விட்டது நான்.

மூணு விஷயம்

அன்னைக்கு சாயங்காலம் தொட்டி ஓரமா உட்கார்ந்து அத்தைகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அலெர்ட் வந்ததையும் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க சொன்னது வேற:

"தெனமும் பால் பீச்சறப்ப ஒவ்வொரு காலா தடவிப் பாப்பேன் கண்ணு. நீ கேமரா வெச்சதுக்கு அப்புறம், எதாச்சும்னா நீ சொல்லிப்போடுவீன்னு விட்டுட்டேன்."

இதுதான் நான் கத்துக்கிட்ட முதல் விஷயம். கேமரா ஒரு ஜோடிக் கண்ணைக் கூட்டுதுன்னு நாம நினைக்கிறோம். சில நேரம் அது ஏற்கனவே இருந்த கண்ணை மூட வைக்குது. நான் அத்தையை நம்பியிருந்தேன், "நொண்டினா அவங்களுக்குத் தெரியாதா"ன்னு. அத்தை என்னை நம்பியிருந்தாங்க. நடுவுல மாட்டை யாரும் பார்க்கலை.

ரெண்டாவது, லேபிள். மாடலுக்கு "இது வலி, இது வலி இல்லை"ன்னு சொல்லிக் குடுக்கிறது மனுஷன்தான். வலியை எப்படிப் பார்க்கிறதுன்னு மனுஷங்களே இப்போதான் கத்துக்கிட்டு இருக்காங்க. 2010-ல் கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகக் குழு எலியோட முகத்துல வலியைப் படிக்க ஒரு அளவுகோல் உருவாக்கினாங்க. கண்ணைச் சுருக்குறது, மூக்கும் கன்னமும் உப்புறது, காது போற திசை, மீசை முடியோட நிலைன்னு அஞ்சு அடையாளம். அப்புறம் 2014-ல் குதிரைக்கு, 2016-ல் ஆட்டுக்கு, 2019-ல் பூனைக்குன்னு வந்துச்சு. செம்மறி ஆட்டு முகத்தைக் கம்ப்யூட்டரே படிக்க முடியுமான்னு கேம்ப்ரிட்ஜ்ல 2017-ல் முயற்சி பண்ணினாங்க.

இதெல்லாம் அருமையான வேலை. ஆனா ஒரே வீடியோவை ரெண்டு டாக்டர்கிட்ட காட்டினா, ஒருத்தர் ரெண்டுன்னு ஸ்கோர் போடுவார், இன்னொருத்தர் மூணுன்னு போடுவார். மாடல் அந்தக் கருத்து வேறுபாட்டையும் சேர்த்துத்தான் கத்துக்கும். ஸ்க்ரீன்ல வரும்போது மட்டும் தசம புள்ளியோட, சந்தேகமே இல்லாத மாதிரி வரும். தசமப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீங்க. எனக்கே சொல்லிக்கிறேன்.

மூணாவது, அலெர்ட் வந்தா அடுத்து என்ன? இதுக்கு நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. கோயம்புத்தூர் மதுக்கரை காட்டுக்குள்ள போற ரயில் பாதையில யானைகள் அடிபட்டுச் செத்துக்கிட்டு இருந்துச்சு. 2021 நவம்பர்ல ஒரே ராத்திரியில மூணு யானை. 2024 பிப்ரவரியில வனத்துறை அங்க 12 டவர்ல தெர்மல் கேமராவும் சாதாரண கேமராவும் வச்சு, யானை பாதை கிட்ட வந்தா ஏஐ கண்டுபிடிக்கிற அமைப்பைத் தொடங்கினாங்க. எஞ்சினியருக்குப் பார்க்கப் பிடிக்கிறது மாடலைத்தான். ஆனா அதோட உயிர் கன்ட்ரோல் ரூம்ல இருக்கு. யானை தெரிஞ்சா தகவல் ரயில்வேக்குப் போகணும், டிரைவர் வேகத்தைக் குறைக்கணும், வனத்துறை ஆட்கள் போய் யானையைக் காட்டுப் பக்கம் திருப்பணும். அலெர்ட்டுக்குப் பின்னாடி யாரு, என்ன செய்யணும்ங்கிறது முதல்லயே முடிவாகியிருக்கு.

என் சிஸ்டத்துல அலெர்ட்டுக்குப் பின்னாடி யாரு இருந்தா? மீட்டிங்குக்கு நடுவுல போனைப் பார்த்துட்டு ஸ்வைப் பண்ற நான்.

கயித்தோட நீளம்

இதெல்லாம் நடந்ததுக்கு அப்புறம்தான் விலங்கு நலம்ங்கிற வார்த்தை எங்கேயிருந்து வந்துச்சுன்னு படிச்சேன். முதல்லயே படிச்சிருக்கணும். 1964-ல் இங்கிலாந்துல ரூத் ஹாரிசன்ங்கிற பெண்மணி, தொழிற்சாலை மாதிரி நடக்கிற பண்ணைகளைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. பெரிய கொந்தளிப்பு. அரசாங்கம் ஒரு குழு போட்டுச்சு. 1965-ல் வந்த பிராம்பெல் அறிக்கை சொன்ன குறைந்தபட்சம் இது: ஒரு விலங்கு எழுந்து நிக்க, படுக்க, திரும்ப, தன்னை நக்கிச் சுத்தம் பண்ணிக்க, கை கால் நீட்ட முடியணும்.

அஞ்சே விஷயம். இதைத் தெரிஞ்சுக்க கேமரா வேண்டாம். கயித்தோட நீளத்தை அளந்தா போதும். நான் ரெண்டு மாசத்துல பல ஜிபி வீடியோ சேர்த்தேன். செவலி கழுத்துக் கயிறு எத்தனை அடின்னு ஒரு தடவை கூட அளக்கலை.

பெரிய பண்ணைக்கும் இது பொருந்தும். கேமரா வச்சா நொண்டுற மாட்டைச் சீக்கிரம் புடிக்கலாம், நல்லது. ஆனா "கேமராதான் இருக்கே"ன்னு அதே இடத்துல இன்னும் நாலு மாட்டை நெருக்கி நிறுத்தினா? அலெர்ட் வந்த மாட்டுக்கு வைத்தியம் பார்க்காம முதல் ஆளா சந்தைக்கு அனுப்பினா? அதே மாடல், அதே துல்லியம். ஒரு இடத்துல அது வைத்தியர், இன்னொரு இடத்துல தரகர். கோட்ல இதுக்கு வித்தியாசம் இல்லை. யாரு கையில இருக்கு, அவங்களுக்கு எது லாபம்ங்கிறதுலதான் இருக்கு.

இன்னொண்ணு. இந்த ஆராய்ச்சியில நிறையப் பேர் எடுத்துக்கிற பண்ணையில நூத்துக்கணக்கான மாடு ஒரு வழியா வரிசையா நடந்து பால் கறக்கிற இடத்துக்குப் போகும். கேமராவை அந்த வழியில வச்சா போதும். நம்ம ஊர்ல ரெண்டு மாடு, மூணு மாடு, கட்டிப் போட்டு வளர்க்கிற வீடுகள்தான் ஏராளம். இங்க மாடு நடக்கிறதே கொஞ்சம். அந்த டிசைனைக் காப்பி அடிச்சா, கேமராவுக்கு ஏத்த மாதிரி மாட்டை மாத்த வேண்டி வரும். நான் பண்ணினது அதுதான்.

இப்போ

செவலி நடக்குது. முழுசா சரியாக மூணு மாசம் கிட்ட ஆச்சு. மருந்து குடுத்த நாள்ல பாலை ஊத்த முடியாது, அப்புறமும் கறவை பழையபடி வரலை. அந்த நஷ்டத்துல ஒரு பங்கை நான் குடுத்தேன். அத்தை வாங்க மாட்டேன்னாங்க, அப்பாகிட்ட சொல்லிக் குடுக்க வச்சேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் நடுவுல வந்து "குடுத்துடுங்க, நல்ல விலை வாங்கித் தரேன்"னு சொன்னாராம். அத்தை குடுக்கலை. குடுத்திருந்தா நான் இந்த எபிசோடைப் பேசியிருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்.

கேமராவைக் கழட்டிடலாம்னு சொன்னேன். அத்தைதான் வேண்டாம்னாங்க. "மூணு நாள் முன்னாடியே சொல்லுச்சுல்ல, அது நல்லாத்தான் பாக்குது. நீதான் பாக்கல." இதுக்கு மேல ஒரு கோட் ரிவ்யூ எனக்கு வேண்டாம்.

இப்போ செட்டப் மாறியிருக்கு. மரத்தடிக்கு ஒரு சின்ன சோலார் பேனல், போனுக்கு ஒரு நிழல் பெட்டி. செவலி இருக்கிற இடத்துக்குக் கேமரா போகுது. கயிறு முன்ன இருந்ததைவிட ரெண்டு மடங்கு நீளம். மழை நாள்ல உள்ள கட்டினா கீழ ரப்பர் மேட். மாடல் இப்போ "நல்லா இருக்கு, நல்லா இல்லை"ன்னு தீர்ப்பு சொல்றது இல்லை. சாயங்காலம் அன்னைக்கு மாடு நடந்ததுல இருபது செகண்ட் வீடியோவை அத்தை போனுக்கு அனுப்புது, பக்கத்துலயே போன வாரம் இதே நாள் நடந்த வீடியோ. அத்தை பார்த்துட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பணும். அதுதான் லேபிள். அத்தை அனுப்பலைன்னா எனக்கு அலெர்ட் வரும். அது வந்தா மாட்டைப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி, அத்தை நல்லா இருக்காங்களான்னு போன் போட்டுக் கேக்கறேன்.

போன வாரம் வந்த வாய்ஸ் நோட்: "செவலி நல்லா நடக்குது. சின்னதுதான் இடது பக்கம் கொஞ்சம் சாயுது, இன்னும் உன்ற கணக்குல வரல போல. டாக்டரை வரச் சொல்லியிருக்கேன்." டாக்டர் வந்து பார்த்தார். குளம்பு வளந்திருந்துச்சு, செதுக்கி விட்டுட்டுப் போனார். அரை மணி நேர வேலை. கட்டைச் சரிபார்க்கிற மாதிரி நான் டேட்டாவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மாடல் அதை இன்னும் ஒண்ணுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

இதைக் கேக்கறவங்கள்ல நிறையப் பேர் என்னை மாதிரிதான்னு தெரியும். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கோ, ஹேக்கத்தானுக்கோ, ஸ்டார்ட்டப்புக்கோ இந்த ஏரியாவை எடுப்பீங்க. எடுங்க, இதுல செய்ய நிறைய இருக்கு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். முதல் லைன் கோட் எழுதறதுக்கு முன்னாடி, ஒரு நாள் முழுக்க, காலைக் கறவையிலேர்ந்து ராத்திரி வரைக்கும், அந்த விலங்கு நிக்கிற தரையில நீங்களும் நில்லுங்க. செருப்பு இல்லாம நின்னா இன்னும் நல்லது. சாயங்காலம் உங்க கால் என்ன சொல்லுதோ அதை நோட்டுல எழுதிக்கோங்க. உங்களோட முதல் டேட்டா அதுவா இருக்கட்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.